டேட்டா சயின்ஸ் பட்டம்: பெயர் ஓகே... சிலபஸ் எப்படி? சேரும் முன் செக் பண்ண வேண்டிய 4 விஷயங்கள்

பிளஸ் டூ முடித்தவர்களிடம் ‘அடுத்து என்ன?’ என்று கேட்டால் இப்போது அடிக்கடி வரும் பதில், டேட்டா சயின்ஸ். பி.டெக், பி.எஸ்சி, ஆன்லைன் பி.எஸ் எனப் பல வடிவங்களில் சீட் கிடைக்கிறது. ஆனால் கல்விக் கடன் வாங்கிச் சேர்ந்த பிறகு, ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ரெண்டு பேப்பரை மாத்திட்டு புதுப் பெயர் வெச்சிருக்காங்க’ என்று தெரிந்தால்? சேர்வதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

1. சிலபஸை எதோடு ஒப்பிடுவது?

கேட் தேர்வில் 2024 முதல் ‘டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ’ தனித் தாளாக இருக்கிறது. நிகழ்தகவும் புள்ளியியலும், லீனியர் அல்ஜீப்ரா, கால்குலஸ், புரோகிராமிங், டேட்டாபேஸ், மெஷின் லேர்னிங், ஏஐ ஆகியவை அதன் பகுதிகள். கேட் எழுதும் எண்ணம் இல்லாவிட்டாலும் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

வரிசையும் முக்கியம். கணிதமும் புள்ளியியலும் முதலில், மெஷின் லேர்னிங் பிறகு. இது தலைகீழாக இருந்தால், ரெடிமேட் லைப்ரரியில் டேட்டாவைப் போட்டு ரிசல்ட் எடுக்க வரும். அந்த ரிசல்ட் ஏன் தப்பாக வந்தது என்று சொல்ல வராது.

2. ஓர் உதாரணம்: சென்னை ஐஐடி

2020-ல் சென்னை ஐஐடி தொடங்கிய ஆன்லைன் படிப்பு, இன்று நான்காண்டு பி.எஸ் பட்டம். ஜேஇஇ கட்டாயமில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, தகுதித் தேர்வில் பாஸ் ஆனால் சீட். அடித்தள நிலையில் 8 பாடங்கள்: கணிதம் 2, புள்ளியியல் 2, ஆங்கிலம் 2, கம்ப்யூட்டேஷனல் திங்கிங், பைத்தான். மெஷின் லேர்னிங் அடுத்த கட்டத்தில்தான் வருகிறது.

வகுப்பு ஆன்லைனில் நடந்தாலும் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்றுதான் எழுத வேண்டும். ஒரு புராஜெக்ட்டுக்கு மாணவரே ஒரு தொழில் நிறுவனத்தை அணுகி, அதன் உண்மையான டேட்டாவை வாங்கி அலச வேண்டும். இடையில் நின்றாலும், முடித்த நிலைக்கேற்ப சான்றிதழ், டிப்ளமோ அல்லது பி.எஸ்சி கிடைக்கும்.

மைனஸ்? இது கேம்பஸில் தங்கிப் படிக்கும் பி.டெக் அல்ல. ஹாஸ்டல் நட்பு, லேப் சூழல் இருக்காது. வாராவாரம் அசைன்மென்ட் டெட்லைன் துரத்தும். தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சிரமம்.

3. நாக் வேறு, என்பிஏ வேறு

‘நாக் ஏ பிளஸ்’ என்ற போஸ்டர் கல்லூரிக்கான மதிப்பீடு. குறிப்பிட்ட பொறியியல் படிப்பின் தரத்துக்கு என்பிஏ அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு பேட்ச் படித்து முடித்த பிறகே கல்லூரி அதற்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், புதிய படிப்புகளுக்கு அது இல்லாமல் போகலாம். அப்போது துறையின் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். புள்ளியியல், மெஷின் லேர்னிங் பாடங்களை எடுப்பவர்கள் அதே துறையில் படித்தவர்களா, வேறு துறையிலிருந்து மாற்றப்பட்டவர்களா?

4. பிளேஸ்மென்ட்: எந்த எண்ணைப் பார்ப்பது?

‘உச்ச சம்பளம்’ ஒரே ஒரு மாணவரின் கதை. கேட்க வேண்டியது மீடியன். அதாவது எல்லோரின் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் மீடியன் சம்பளத்தையும் வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையையும் சமர்ப்பிக்கின்றன. அந்த விவரம் கல்லூரி இணையதளத்திலேயே இருக்க வேண்டும்.

ஆனால் அது எல்லாத் துறைகளுக்கும் சேர்த்த கணக்கு. எனவே அட்மிஷன் கவுன்டரில் இதையும் கேளுங்கள்: ‘டேட்டா சயின்ஸ் பேட்ச்ல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, என்ன வேலை?’ மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கட்டலாம்.