ராம்குமார் ராமநாதன்

ராம்குமார் ராமநாதன் (பிறப்பு: நவம்பர் 8, 1994) தமிழ்நாட்டைச் சேர்ந்த இந்தியத் தொழில்முறை டென்னிஸ் வீரர். சென்னையில் பிறந்தவர். ஒற்றையர் பிரிவில் இவர் எட்டிய மிக உயர்ந்த உலகத் தரவரிசை 111; 2018 சூலை மாத இறுதியில் இந்த இடத்தைப் பெற்றார். இரட்டையர் பிரிவில் 2022ஆம் ஆண்டு ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து இரண்டு ஏடிபி பட்டங்களை வென்றார். 2022ஆம் ஆண்டுக்குரியதாக 2023இல் சீனாவின் காங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் இரட்டையர் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். டேவிஸ் கோப்பையில் 2016 முதல் இந்தியாவுக்காக ஆடியுள்ளார்.

உலகின் முதல் நூறு வீரர்களுக்குள் நுழைவதற்குச் சில இடங்களே மீதமிருந்த நிலையில் நின்றுபோன ஒற்றையர் வாழ்க்கை இவருடையது. ஒரு டென்னிஸ் வீரர் எவ்வாறு மேலே ஏறுகிறார், எந்த இடத்தில் ஏற்றம் கடினமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இவரது ஆட்ட வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

தொடக்கமும் ஆட்டமுறையும்

சென்னையில் டென்னிஸ் கற்கத் தொடங்கிய ராம்குமார், பின்னர் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் உள்ள சான்செஸ்-கசால் அகாதமியில் பயிற்சி பெற்றார். வலக்கை ஆட்டக்காரர், பின்கை வீச்சுக்கு இரு கைகளையும் பயன்படுத்துபவர். உயரமும் வேகமான சர்வீசும் இவரது முதன்மையான பலங்கள். சர்வீஸ் போட்டவுடன் வலையை நோக்கி முன்னேறி, பந்து தரையில் படுமுன் அடித்துப் புள்ளியை முடிப்பது இவர் விரும்பும் முறை. பந்து தாழ்வாகவும் விரைவாகவும் வழுக்கிச் செல்லும் புல்தரை இம்முறைக்கு ஏற்றது. இவரது ஒற்றையர் வாழ்க்கையின் இரு பெரிய வெற்றிகளும் புல்தரையில் கிடைத்தவையே.

2014 சென்னை ஓப்பன்

சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடைபெற்ற சென்னை ஓப்பன் ஓர் ஆடவர் ஏடிபி தொடராக இருந்தது. 2014ஆம் ஆண்டுத் தொடரில் 19 வயது ராம்குமார், அப்போது நாட்டின் முன்னணி ஒற்றையர் வீரராக இருந்த சோம்தேவ் தேவ்வர்மனை வீழ்த்தினார். காலிறுதி வரை முன்னேறி, ஸ்பெயின் வீரர் மார்செல் கிரனோயர்சிடம் தோற்றார். அந்த ஆண்டு அத்தொடரை வென்ற ஸ்டான் வாவ்ரிங்கா, அதே மாதத்தில் ஆத்திரேலிய ஓப்பன் பட்டத்தையும் கைப்பற்றினார்.

உள்ளூரில் இத்தகைய தொடர் ஒன்று நடப்பது இளம் வீரர்களுக்குப் பெரும் வாய்ப்பு. தரவரிசையில் பின்தங்கியிருந்தாலும் சிறப்பு அனுமதி வழியாகவோ தகுதிச்சுற்று வழியாகவோ, வெளிநாட்டுப் பயணச் செலவு இல்லாமல் பெரிய வீரர்களுடன் மோத முடியும். 2018இல் இத்தொடர் புனே நகருக்கு மாற்றப்பட்டதால் சென்னை வீரர்கள் அந்த வாய்ப்பை இழந்தனர். 2023 பிப்ரவரியில் சேலஞ்சர் நிலைத் தொடர் ஒன்று அதே அரங்கில் நடத்தப்பட்டது.

தொழில்முறை டென்னிஸின் படிநிலைகள்

ஆடவர் தொழில்முறை டென்னிஸ் மூன்று அடுக்குகளைக் கொண்டது.

அடி நிலையில் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் தொடர்கள் உள்ளன. இவை முன்பு பியூச்சர்ஸ் என்று அழைக்கப்பட்டன. மொத்தப் பரிசுத்தொகை 15,000 அல்லது 25,000 டாலர் என்ற அளவில் இருந்ததால், ஒரு தொடரை வென்றாலும் பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் ஆகிய செலவுகளுக்குப் பிறகு மிஞ்சுவது குறைவு.

நடு நிலையில் சேலஞ்சர் தொடர்கள் உள்ளன. தரவரிசையில் ஏறத்தாழ 100 முதல் 300 வரை உள்ளவர்கள் பெரும்பாலும் இங்குதான் மோதுகின்றனர்.

மேல் நிலையில் ஏடிபி சுற்றுப்பயணத் தொடர்கள் உள்ளன. வெற்றியாளருக்குக் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு இவை 250, 500, 1000 என்று வகைப்படுத்தப்படுகின்றன. ஆத்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், யுஎஸ் ஓப்பன் ஆகிய நான்கு கிராண்ட் சிலாம் தொடர்களில் வெல்பவருக்கு 2,000 புள்ளிகள் வழங்கப்படும்.

ஒரு வீரர் பெறும் புள்ளிகள் 52 வாரங்களுக்கு மட்டுமே கணக்கில் இருக்கும். ஓராண்டு முடிந்ததும் அவை நீங்கிவிடும். எனவே மேலே ஏறுவதற்கு மட்டுமல்லாமல், அடைந்த இடத்தில் நிற்பதற்கும் ஆண்டுதோறும் அதே அளவு புள்ளிகளை மீண்டும் ஈட்ட வேண்டும். காயத்தால் சில மாதங்கள் ஆடாமல் இருப்பவர் தரவரிசையில் சரிவதற்குக் காரணம் இதுவே.

2017: டொமினிக் தீமை வீழ்த்தியது

2017 சூன் மாத இறுதியில் துருக்கியின் அன்டால்யா நகரில் நடந்த புல்தரைத் தொடரில் ராம்குமார் உலகக் கவனத்தைப் பெற்றார். அப்போது தரவரிசையில் 222ஆம் இடத்தில் இருந்த இவர், 8ஆம் இடத்தில் இருந்த ஆத்திரிய வீரர் டொமினிக் தீமை 6-3, 6-2 என்ற நேர் செட்களில் தோற்கடித்தார். தீம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பிரெஞ்சு ஓப்பன் காலிறுதியில் நோவாக் ஜோக்கோவிச்சை வென்று அரையிறுதி ஆடியிருந்தார். பின்னர் 2020இல் யுஎஸ் ஓப்பன் பட்டத்தையும் வென்றார். அன்டால்யா காலிறுதியில் ராம்குமார் சைப்பிரசு வீரர் மார்கோஸ் பக்தாதிசிடம் தோற்றார்.

அதே ஆண்டு ஆகத்து மாதம் அமெரிக்காவின் சின்சினாட்டி மாஸ்டர்ஸ் தொடரில் தகுதிச்சுற்றைக் கடந்து முதன்மைச் சுற்றில் ஆடி, முதல் ஆட்டத்தில் கிறிஸ்டோபர் யூபாங்க்சை வென்றார்.

2018: நியூபோர்ட் இறுதிப் போட்டி

விம்பிள்டன் முடிந்த அடுத்த வாரம் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் நடந்துவந்த ஹால் ஆஃப் ஃபேம் ஓப்பன் ஒரு புல்தரைத் தொடர். இந்திய டென்னிஸ் வரலாற்றில் இத்தொடருக்குத் தனி இடம் உண்டு. சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1976, 1980, 1984 ஆகிய ஆண்டுகளில் இங்கு ஒற்றையர் பட்டம் வென்றார். லியாண்டர் பயஸ் தம் வாழ்நாளின் ஒரே ஏடிபி ஒற்றையர் பட்டத்தை 1998இல் இங்குதான் பெற்றார்.

2018 சூலையில் 161ஆம் தரநிலையுடன் இத்தொடருக்கு வந்த ராம்குமார், காலிறுதியில் கனடாவின் வாசெக் போஸ்பிசிலையும் அரையிறுதியில் அமெரிக்காவின் டிம் சுமைசெக்கையும் வென்று இறுதிக்கு முன்னேறினார். 2011இல் சோம்தேவ் ஜொகானஸ்பர்க் இறுதியில் ஆடிய பிறகு, ஏடிபி ஒற்றையர் இறுதியை எட்டிய முதல் இந்தியர் இவரே. சூலை 22 அன்று நடந்த இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ஸ்டீவ் ஜான்சனிடம் 5-7, 6-3, 2-6 என்ற கணக்கில் தோற்றார். இறுதிக்கு வந்ததற்காக 150 புள்ளிகள் கிடைத்தன. தரவரிசையில் ஏறத்தாழ ஐம்பது இடங்கள் முன்னேறிய இவர், அந்த மாத இறுதியில் 111ஐத் தொட்டார்.

முதல் நூறு என்ற எல்லை

தரவரிசையில் 100க்கும் 111க்கும் உள்ள வேறுபாடு எண்ணளவில் சிறியது. ஒரு வீரரின் வாழ்க்கையில் மிகப் பெரியது. கிராண்ட் சிலாம் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் 128 பேர் ஆடுகின்றனர். அவர்களுள் 104 பேர் தரவரிசை அடிப்படையில் நேரடியாக நுழைகின்றனர். எட்டு இடங்கள் சிறப்பு அனுமதிக்கு உரியவை. எஞ்சிய 16 இடங்களுக்கு மற்றொரு 128 பேர் தகுதிச்சுற்றில் மோதுகின்றனர். அதில் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் வென்றால்தான் முதன்மைச் சுற்றில் இடம் கிடைக்கும்.

நேரடி நுழைவுக்கான பட்டியல், தொடர் தொடங்குவதற்கு ஆறு வாரங்களுக்கு முந்தைய தரவரிசையைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. 2018 யுஎஸ் ஓப்பன் ஆகத்து 27 அன்று தொடங்கியது. நியூபோர்ட் புள்ளிகள் தரவரிசையில் சேர்ந்தது சூலை 23 அன்று, அதாவது ஐந்து வாரங்களுக்கு முன்பு. ஆகவே தம் வாழ்வின் சிறந்த வாரத்தில் ஈட்டிய புள்ளிகள், அடுத்து வந்த கிராண்ட் சிலாம் நுழைவுக்கு அவருக்கு உதவவில்லை. ஆண்டு திரும்பியபோது அந்த 150 புள்ளிகளும் கணக்கிலிருந்து நீங்கின.

இதன் பொருளியல் விளைவும் தெளிவானது. 2018 யுஎஸ் ஓப்பனில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கும் 54,000 டாலர் வழங்கப்பட்டது. அதேவேளை, அக்காலத்தில் 80 புள்ளிகள் தந்த ஒரு சேலஞ்சர் தொடரின் எல்லா வீரர்களுக்குமான மொத்தப் பரிசுத்தொகையே சுமார் 52,000 டாலராகத்தான் இருந்தது. முதல் நூறில் இருக்கும் வீரர் ஆண்டுக்கு நான்கு கிராண்ட் சிலாம்களில் ஆடி, அந்த வருவாயைக் கொண்டு முழுநேரப் பயிற்சியாளர், உடற்பயிற்சி வல்லுநர் ஆகியோரைத் தம்முடன் வைத்துக்கொள்ள முடிகிறது. அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர், அவ்வசதிகள் இல்லாமலேயே அவை உள்ளவர்களுடன் போட்டியிட வேண்டியுள்ளது.

சென்னையின் மற்றொரு வீரரான பிரஜ்னேஷ் குணேஸ்வரன் இந்த எல்லையைக் கடந்தவர். முழங்கால் காயங்களால் பல ஆண்டுகளை இழந்தபின் மீண்டுவந்த அவர், 29ஆம் வயதில், 2019 ஏப்ரலில் 75ஆம் இடத்தை அடைந்தார். அந்த ஆண்டு நான்கு கிராண்ட் சிலாம் முதன்மைச் சுற்றுகளிலும் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றிலேயே தோற்றாலும், அவற்றின் வருவாய் மட்டும் பல சேலஞ்சர் பட்டங்களுக்கு மேல் இருந்தது.

ராம்குமார் கிராண்ட் சிலாம் தகுதிச்சுற்றுகளில் பல ஆண்டுகள் முயன்றார். 2021 விம்பிள்டன் தகுதிச்சுற்றில் கடைசி ஆட்டம் வரை வந்து, ஐந்து செட்கள் போராடி ஆத்திரேலியாவின் மார்க் போல்மன்சிடம் தோற்றார்.

முதல் சேலஞ்சர் பட்டம்

2017 முதல் சேலஞ்சர் இறுதிப் போட்டிகளில் ராம்குமார் ஆறு முறை தோற்றிருந்தார். 2021 நவம்பரில் பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் நடந்த தொடரின் இறுதியில் உருசியாவின் எவ்கெனி கார்லோவ்ஸ்கியை 6-1, 6-4 என வென்று, ஒற்றையரில் தம் முதல் சேலஞ்சர் பட்டத்தைப் பெற்றார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு, 27ஆம் வயதில் கிடைத்த பட்டம் இது. இதற்கு 80 தரவரிசைப் புள்ளிகளும் 7,200 டாலரும் கிடைத்தன.

இரட்டையர் ஆட்டம்

வேகமான சர்வீசும் வலையருகே ஆடும் திறனும் இரட்டையர் ஆட்டத்துக்கு மிகவும் தேவையானவை. ஒற்றையரில் முதல் நூறை எட்டாத இந்திய வீரர்கள் பலர் இரட்டையரில் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். அப்பிரிவில் உடல் உழைப்பு ஒப்பீட்டளவில் குறைவு என்பதால் நாற்பது வயதைத் தாண்டியும் ஆட முடிகிறது. ரோகன் போபண்ணா 2024இல் 43ஆம் வயதில் ஆத்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டம் வென்று உலகின் முதலிடத்தை அடைந்தது இதற்குச் சான்று.

2022 சனவரியில் அடிலெய்டு தொடரில் போபண்ணாவும் ராம்குமாரும் ஏடிபி அளவில் முதன்முறையாக இணைந்து ஆடினர். இறுதியில் முதல்நிலை இணையான இவான் டோடிக் - மார்செலோ மெலோவை 7-6, 6-1 என்று வென்றனர். ராம்குமாரின் முதல் ஏடிபி பட்டம் இதுவே. அடுத்த மாதமே புனேயில் நடந்த மகாராட்டிர ஓப்பனில் ஆத்திரேலிய இணையான லூக் சவில் - ஜான் பேட்ரிக் ஸ்மித்தைத் தோற்கடித்து இரண்டாவது பட்டத்தையும் பெற்றனர்.

நாட்டுக்கான ஆட்டங்கள்

2016 சூலையில் சண்டிகரில் தென் கொரியாவுக்கு எதிராக டேவிஸ் கோப்பையில் அறிமுகமான ராம்குமார், தம் முதல் ஆட்டத்திலேயே வென்றார். 2022 மார்ச்சில் தில்லி ஜிம்கானா புல்தரையில் டென்மார்க்கை இந்தியா வென்றபோது தொடக்க ஆட்டத்தில் வெற்றி தேடித்தந்தார். 2024 பிப்ரவரியில் இந்திய டேவிஸ் கோப்பை அணி 60 ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தான் சென்றது. இஸ்லாமாபாத்தில் நடந்த அந்த மோதலின் முதல் ஆட்டத்தில், முதல் செட்டை இழந்த பின்பும் அனுபவ வீரர் அய்சம்-உல்-அக் குரேசியை 6-7, 7-6, 6-0 என்று வீழ்த்தினார்.

காங்சோ ஆசிய விளையாட்டில் சாகேத் மைனேனியுடன் சேர்ந்து இறுதிக்கு வந்து, சீன தைபே இணையிடம் 4-6, 4-6 என்று தோற்று வெள்ளி பெற்றார்.

மதிப்பீடு

தமிழ்நாட்டிலிருந்து ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் ஆகியோர் ஒற்றையரில் உலகின் முன்வரிசையில் நின்றனர். அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்குப் போட்டி விரிவடைந்தது; பல நாடுகளிலிருந்தும் வீரர்கள் உருவாகினர்; முன்னேற்றத்துக்கான செலவும் பெருகியது. உலகின் எட்டாம் நிலை வீரரை நேர் செட்களில் வெல்லும் திறன் கொண்ட ஒருவர் முதல் நூறுக்குள் நுழைய முடியாமல் போனது, ஒரு நாள் ஆட்டத்துக்கும் ஓராண்டு முழுதும் நிலைத்து ஆடுவதற்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. அந்த இடைவெளியை நிரப்பத் திறமையுடன், சொந்த ஊரிலேயே போதிய தொடர்களும் தொடர்ச்சியான நிதியுதவியும் தேவைப்படுகின்றன. கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன் போன்ற அடுத்த தலைமுறையினர் இப்போது ஏறத் தொடங்கியிருப்பதும் இதே ஏணியில்தான். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த மகளிர் தொடரில் தகுதிச்சுற்று வழியாக நுழைந்து, 15 வயதில் அரையிறுதி வரை சென்றவர் அவர்.