போன படை எங்கே?

புற்றுநோயை அழிக்க உடலுக்குள் அனுப்பப்படும் மரபணு மாற்றிய செல்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்கின்றனவா? ஸ்கேன் படத்தில் விடை தேடுகிறார்கள் விஞ்ஞானிகள்.

பெங்களூரின் பிரேசர் டவுன், ஒரு கொள்ளைநோய் பெற்ற பிள்ளை. 1898-இல் பிளேக் நகரைச் சூறையாடியபோது கன்டோன்மென்ட் பகுதியின் நெரிசலான சந்துகளில் பிணங்கள் விழுந்தன. கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லாத காலம் அது. ஆகவே மனிதர்களை இடம் மாற்றுவது என்று முடிவு செய்தது நிர்வாகம். அகலத் தெருக்களும் காற்றோட்டமுமாக அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய குடியிருப்பு எழுந்தது. மைசூர் இளவரசருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அரசு ஏட்டில் இப்போது அது புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு விநாடி யோசிப்பார்.

தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி இது. இங்கே மொழிபெயர்ப்பாளராகக் குடியிருந்தால், பத்திரங்களோடு மருத்துவ அறிக்கைகளும் வீடு தேடி வரும். புற்றுநோய்க்காரர்களின் குடும்பத்தார் கொண்டுவரும் பெட் ஸ்கேன் அறிக்கைகளில் பக்கம் பக்கமாக ஆங்கிலம் இருக்கும். ஆனால் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "மருந்து போய்ச் சேர்ந்திருக்கா?"

சாதாரண மருந்து என்றால் இந்தக் கேள்விக்கு ஒரு மாதிரியாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உயிருள்ள செல்லே மருந்தாக இருக்கும்போது?

பிரேசர் டவுனிலிருந்து நகரின் மறு கோடியில், ஓசூர் சாலையின் நெரிசலைத் தாண்டினால் பொம்மசந்திரா. அங்கே நாராயணா ஹெல்த் சிட்டி வளாகத்தில் இயங்குகிறது இம்யூனீல் தெரபியூட்டிக்ஸ். கிரண் மஜும்தார் ஷா, புற்றுநோய் மருத்துவரும் எழுத்தாளருமான சித்தார்த்த முகர்ஜி ஆகியோர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இது. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா மருத்துவமனை ஒன்று உருவாக்கிய சிகிச்சையை உரிமம் பெற்று இங்கே தயாரித்து, 2025 ஜனவரியில் 'கார்டெமி' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் கைகோத்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' மருந்துக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்துவிட்டது. வேலூர் சி.எம்.சி. இன்னொரு வழியில் போனது. செல்களை ஆஸ்பத்திரிக்குள்ளேயே தயாரித்து நோயாளிகளுக்குக் கொடுத்து, 2025-இல் முடிவுகளை வெளியிட்டது.

எல்லாமே கார்-டி என்று அழைக்கப்படும் சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். தீங்கற்றதாக மாற்றிய ஒரு வைரஸை வாகனமாக்கி, புதிய மரபணு ஒன்றை அவற்றுக்குள் செலுத்துகிறார்கள். அந்த மரபணுவின் புண்ணியத்தால் செல்லின் மேற்பரப்பில் ஒரு கொக்கி முளைக்கிறது. புற்றுநோய் செல்லின் மேலுள்ள குறிப்பிட்ட அடையாளத்தை மட்டும் பிடிக்கும் கொக்கி அது. இப்படி மாற்றிய செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்ப அதே நோயாளியின் ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். 1989-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக்கூடத்தில் முளைவிட்ட யோசனை, 2017-இல் அமெரிக்காவில் முதல் மருந்தாக அனுமதி பெற்றபோது விலை 4.75 லட்சம் டாலர். நெக்ஸ்கார்19 ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. 2025-இல் வெளியான ஆய்வு முடிவின்படி, மற்ற சிகிச்சைகள் கைவிட்ட ரத்தப் புற்றுநோயாளிகளில் சுமார் 73 சதவீதம் பேரிடம் அது பலன் காட்டியது.

மீதிப் பேரிடம் என்ன ஆயிற்று? செல்கள் போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் சோர்ந்துபோயினவா, அல்லது புற்றுநோய் செல் தன் அடையாளத்தைக் கழற்றி வைத்துவிட்டதா? மருத்துவர்கள் கையில் இருப்பது ரத்தப் பரிசோதனை. அது ரத்தத்தில் ஓடும் செல்களை எண்ணித் தரும். கட்டிக்குள் நுழைந்தவற்றின் கணக்கு அதில் வராது. கோட்டை வாசலில் நின்று வருவோர் போவோரை எண்ணி, உள்ளே நடக்கும் போரின் போக்கை ஊகிப்பது போன்ற காரியம் இது.

பெட் ஸ்கேன் இருக்கிறதே என்று கேட்கலாம். வழக்கமாகச் செய்யும் பெட் ஸ்கேனில், கதிர்வீசும் ஃபுளூரின் ஒட்டிய சர்க்கரையை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். பசி அதிகமுள்ள புற்றுநோய் செல்கள் அதை வாரி விழுங்க, படத்தில் அந்த இடம் பளிச்சிடும். சங்கடம் என்னவென்றால், போரில் இறங்கிய டி செல்களுக்கும் அதே பசி. சிகிச்சை முடிந்து 30-வது நாள் எடுக்கும் படத்தில் ஒரு கட்டி பளிச்சிட்டால், நோய் தலைதூக்குகிறது என்றும் அர்த்தம் கொள்ளலாம், படை உள்ளே புகுந்து துவம்சம் செய்கிறது என்றும் கொள்ளலாம். முதல் மாதத்தில் அரைகுறையாகத் தெரிந்த பலன், மேற்கொண்டு எந்த மருந்தும் இல்லாமல் சில மாதங்களில் முழுமையானதும் உண்டு. இந்த அறிக்கையைத் தமிழில் சொல்லும்போது நாக்கு தடுமாறுவதற்கு மொழி காரணமல்ல.

இது வெறும் ஆராய்ச்சி ஆர்வமும் அல்ல. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் பெருங்குடல் புற்று பரவிய ஒரு நோயாளிக்கு இத்தகைய செல்கள் சுமார் ஆயிரம் கோடி செலுத்தப்பட்டன. 15 நிமிடத்தில் மூச்சுத் திணறல். ஐந்தாம் நாள் மரணம். 2010-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை சந்தேகித்த காரணம் இதுதான்: ரத்தக் குழாயில் ஏற்றிய செல்கள் முதலில் நுரையீரலில் தங்குகின்றன. புற்றுநோய் செல்லில் ஏராளமாக இருக்கும் அடையாளம், நுரையீரலின் நல்ல செல்களிலும் கொஞ்சம் இருந்திருக்கிறது. படை நடுவழியிலேயே போரைத் தொடங்கிவிட்டது.

செல்களைப் பின்தொடர முதலில் கையாண்ட வழி எளிமையானது. உடலுக்குள் அனுப்பும் முன் ஆய்வுக்கூடத்திலேயே அவற்றுக்குக் கதிரியக்கச் சாயம் ஏற்றிவிடுவது. இன்டியம்-111 என்ற தனிமத்தைக் கொண்டு 1980-களிலேயே இதைச் செய்தார்கள். இதன் கதிரியக்கம் சுமார் 2.8 நாளில் பாதியாகும். இப்போது சிர்கோனியம்-89 வந்திருக்கிறது. இது பாதியாகச் சுமார் 3.3 நாள் ஆகும், பெட் ஸ்கேனிலும் தெரியும். ஆனால் சாயத்துக்கு ஒரு சாபம் உண்டு. செல் இரண்டாகப் பிரிந்தால் சாயமும் பாதியாகிறது. கார்-டி செல்லின் பலமே உடலுக்குள் பெருகுவதில்தான் இருக்கிறது. பெருகப் பெருகப் படம் மங்கும். செல் செத்தால் அதைத் தின்ற வேறு செல் சாயத்தைச் சுமந்து திரியும், படம் பொய் சொல்லும்.

ஆனாலும் சாய முறை ஒரு பெரிய உண்மையை உடைத்தது. 2005-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில், தோல் புற்றுநோயாளிகளின் நிணநீர் முடிச்சுக்குள் டென்ட்ரிடிக் செல் என்ற எதிர்ப்புச் சக்தி செல்களைத் தடுப்பூசியாகச் செலுத்தினார்கள். கையில் அல்ட்ராசவுண்ட், ஊசி போட்டவர் அனுபவசாலி. செல்களுக்குள் நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களையும் ஏற்றியிருந்ததால் எம்.ஆர்.ஐ. படத்தில் அவை கறுப்பாகத் தெரிந்தன. சுமார் பாதிப் பேருக்கு ஊசி முடிச்சுக்குள்ளேயே போகவில்லை. பக்கத்துக் கொழுப்பில் இறங்கியிருந்தது! படம் மட்டும் இல்லாவிட்டால் அந்த நோயாளிகள் 'தடுப்பூசி பலனளிக்கவில்லை' என்ற கணக்கில் சேர்ந்திருப்பார்கள்.

சாயத்தின் குறையைத் தீர்க்க வந்ததுதான் 'ரிப்போர்ட்டர் ஜீன்'. அப்படியே தமிழாக்கினால் நிருபர் மரபணு. பத்திரிகைக்காரருக்குப் பெருமை தரும் கலைச்சொல்தான், ஆனால் அது செய்வது ஒற்று வேலை. ஒற்றர் பகைப்புலம் சென்று வேவறிந்து வருவதை 'வேய்' என்று வெட்சித் திணையில் ஒரு துறையாகவே வைத்தார் தொல்காப்பியர். டி செல்லுக்குள் கொக்கிக்கான மரபணுவோடு இந்த ஒற்று மரபணுவையும் சேர்த்து நுழைத்துவிடுகிறார்கள். அது ஒரு புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டக்கூடிய அல்லது சிக்கக்கூடிய கதிரியக்க மருந்தைத் தேவைப்படும்போது ஊசியில் ஏற்றினால், செல் இருக்குமிடம் ஒளிரும். செல் பிரிந்தால் மரபணுவும் வாரிசுக்குப் போகிறது. செல் செத்தால் ஒளியும் அணைகிறது.

மனிதரிடம் இதைச் செய்து காட்டிய குழுவை நடத்தியவர் சஞ்சீவ் சாம் கம்பீர். அம்பாலாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போய், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கதிரியக்கவியல் துறைத் தலைவரானவர். கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையுடன் சேர்ந்து, மூளைப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்திய டி செல்களை அவர் குழு பெட் ஸ்கேனில் படம்பிடித்தது. 2009-இல் அது வெளியானது. கட்டியை அறுத்தெடுத்த இடத்தில் விட்ட செல்கள், மூளையின் வேறொரு பகுதியிலிருந்த கட்டியிலும் தென்பட்டன. ஒற்று மரபணுவை அவர்கள் எடுத்தது ஹெர்ப்பிஸ் வைரஸிடமிருந்து. அதில் ஒரு வசதியும் இருந்தது. செல்கள் அட்டகாசம் செய்தால், கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைக் கொடுத்து அவற்றை மட்டும் கொன்றுவிடலாம். குறையும் இருந்தது. வைரஸ் புரதம் என்பதால் உடலே அதை அந்நியனாகக் கண்டு விரட்டலாம்.

ஏழு மூளைப் புற்றுநோயாளிகளிடம் இதே முறையைச் செய்த ஆய்வை கம்பீர் குழு 2017-இல் வெளியிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 2015-இல், அவருடைய பதின்பருவ மகன் மூளைப் புற்றுநோய்க்குப் பலியாகியிருந்தான். நோயை முளையிலேயே கண்டுபிடிப்பதற்காக வாழ்நாள் முழுவதும் உழைத்த கம்பீரும் 2020 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 57.

இப்போது ஆராய்ச்சியாளர்கள் வைரஸை விட்டுவிட்டு மனிதப் புரதங்களுக்கே திரும்பியிருக்கிறார்கள். இதில்தான் இந்தியாவுக்கு ஒரு வாய்ப்பு இருப்பதாகத் தோன்றுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு, புராஸ்டேட் செல்களில் இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தை ஒற்றனாக்கியது. 2019-இல் வெளியான அந்த எலி ஆய்வில் சுமார் 2,000 செல்களைக்கூடப் படத்தில் காண முடிந்தது. ரத்தத்தில் இருந்த எண்ணிக்கைக்கும் கட்டிக்குள் இருந்த எண்ணிக்கைக்கும் பொருத்தமே இல்லை என்பதும் தெரிந்தது. அமெரிக்காவிலேயே தைராய்டு புற்றுநோயாளிகளிடம் நடக்கும் ஒரு சோதனையில், வேறொரு மனிதப் புரதத்தை ஏந்திய கார்-டி செல்களை டோடாடேட் என்ற மருந்தைக் கொண்டு படமெடுக்கிறார்கள்.

பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனும் டோடாடேட் ஸ்கேனும் நம் பெரிய மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவுகளில் வழக்கமாக நடப்பவை. புராஸ்டேட் புற்றுநோய்க்காக முதல் ஸ்கேனைச் செய்துகொண்ட தாத்தாக்கள் பிரேசர் டவுனிலும் இருப்பார்கள். மருந்தும் கருவியும் படிக்கத் தெரிந்த டாக்டரும் இங்கே உண்டு. இல்லாதது செல்லுக்குள் அந்த மரபணு. கார்டெமியிலோ நெக்ஸ்கார்19-இலோ ஒற்று மரபணு கிடையாது. அதைச் சேர்த்தால் சட்டப்படி அது புது மருந்து. சோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். விலையைக் குறைக்கப் போராடும் நிறுவனங்களுக்கு இது கூடுதல் சுமைதான்.

ஆனால் நம் நாட்டுப் புற்றுநோய்களில் பெரும்பங்கு வாய், மார்பகம், கருப்பை வாய் போன்ற இடங்களில் கட்டியாக வருபவை. கார்-டி இதுவரை ஜெயித்திருப்பது ரத்தப் புற்றுநோய் வகைகளில். கட்டிகளோ படையை உள்ளே விடாமல் சுவர் எழுப்புகின்றன. அந்தச் சுவர் எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பார்க்காமல் அடுத்த மருந்தை வடிவமைப்பது, இருட்டில் அம்பு விடுகிற கதை. அதனால்தான் ஆராய்ச்சிக் கட்டத்திலாவது சில நோயாளிகளிடம் படமெடுத்துப் பார்ப்பது செலவுக்கேற்ற பலன் தரும் என்று எண்ணத் தோன்றுகிறது.

அதுவரை பொம்மசந்திராவிலும் பம்பாயிலும் வேலூரிலும் வழக்கமான நடைமுறைதான். குறித்த நாட்களில் ரத்தப் பரிசோதனை. லிம்போமா நோயாளிக்கு 30-வது நாளை ஒட்டி ஒரு சர்க்கரை பெட் ஸ்கேன், மூன்றாம் மாத வாக்கில் இன்னொன்று. இரண்டும் முரண்பட்டால், பளிச்சிட்ட இடத்தில் ஊசியை இறக்கி ஒரு துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.