கத்திரித் தோட்டத்துக்கு ஒரு துளசி வரிசை

கத்திரிப் பூவில் தேன் கிடையாது. ஊதா இதழ்களின் நடுவே மஞ்சளாகக் கூம்பி நிற்பவை மகரந்தப் பைகள். பல பூக்களில் இந்தப் பை பக்கவாட்டில் வெடித்துத் தூளைக் கொட்டிவிடும். கத்திரியில் நுனியில் ஊசித்துளை மட்டுமே உண்டு. தொட்டால் எதுவும் வராது. நீலப்பட்டைத் தேனீ வந்து அந்தக் கூம்பைக் கால்களால் இறுகப் பற்றும். சிறகை அடிக்காமல், அதை இயக்கும் தசையை மட்டும் அதிரவிடும். பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் காதில் விழும். மறுகணம் மகரந்தம் துளை வழியே பீறிட்டு அதன் உடலில் ஒட்டிக்கொள்ளும். மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் கருப்புத் தச்சு வண்டுக்கும் இந்த வித்தை தெரியும். பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீயால் இது முடியாது. பூச்சி வராவிட்டாலும் கத்திரி காற்றில் ஆடி ஓரளவு காய்க்கும். நீலப்பட்டைத் தேனீயும் தச்சு வண்டும் வந்தால் காய்ப்பு கூடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். மகரந்தம் நீலப்பட்டைத் தேனீயின் குஞ்சுகளுக்கான உணவு. பறக்கத் தெம்பு தருவது பூந்தேன். கத்திரியில் அது இல்லாததால் வேறு பூவைத் தேடித்தான் போக வேண்டும். சுற்றிலும் நெல்லும் கத்திரியும் மட்டுமே இருந்தால் அந்தத் தேனீ நம் கொல்லையில் ஏன் தங்கப்போகிறது?

வட அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இதற்கு மொனார்டா என்ற செடியை வைக்கிறார்கள். தேனீக்கள் விரும்பி வரும் செடி அது; அங்கே அதன் பெயரிலேயே தேனீ உண்டு. சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, கசக்கினால் காரமான மணம் என்று பார்த்தவுடன் துளசிக்கு உறவு என்று சொல்லிவிடலாம்; உண்மையிலேயே ஒரே குடும்பம். நம் உத்திரமேரூர் வெயிலுக்கு அந்தக் குளிர்நாட்டுச் செடியைத் தேடிப் பிடித்து வாங்க வேண்டியதில்லை. அதன் பங்காளிகள் நம் வரப்பிலேயே நிற்கிறார்கள்: துளசி, நாய்த்துளசி, தும்பை, பேய்மிரட்டி. வேலிக்கு வைக்கும் நொச்சியையும் இன்றைய தாவரவியல் இதே குடும்பத்தில்தான் சேர்க்கிறது.

இந்தக் குடும்பத்துப் பூவின் அமைப்பு தேனீக்கென்றே செய்தது. தும்பைப் பூவைக் கிள்ளி அடியை உறிஞ்சாத கிராமத்துக் குழந்தை இருக்காது. அந்தத் துளி இனிப்புக்காகத்தான் தேனீயும் வருகிறது. அகன்று விரிந்த கீழுதடு அது வந்து இறங்கும் திண்ணை. மேலுதடு ரோமம் அடர்ந்த சிறு குல்லா. மகரந்தப் பைகள் அதற்குள் ஒளிந்திருக்கும். தேனீ தலையை உள்ளே நுழைக்கும்போது முதுகில் தூள் படிகிறது. துளசியிலோ நேர்மாறு. கேசரங்கள் கீழுதட்டின் மேல் சாய்ந்து கிடப்பதால் தூள் தேனீயின் அடிவயிற்றில் ஒட்டும். ஆக, ஒரே காலையில் ஒரே தேனீ இரண்டு செடிகளின் மகரந்தத்தையும் சுமக்கலாம், ஒன்றை முதுகிலும் மற்றதை வயிற்றிலுமாக. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

வளர்ப்பது எளிது. துளசி விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து பாத்தியில் மேலாகத் தூவினால் போதும், ஆழப் புதைத்தால் முளைக்காது. ஆறு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி, வாய்க்கால் ஓரமாக ஒன்றரை அடிக்கு ஒன்று நடலாம். கசிகிற தண்ணீரே அதற்குப் போதும். இலைக்காக வளர்ப்பவர்கள் கதிர் வந்ததும் கிள்ளிவிடுவார்கள். தேனீக்காக வளர்க்கும்போது கதிரை விட்டுவைக்க வேண்டும். பூத்து முடிந்ததும் வரிசையில் பாதிச் செடிகளை மட்டும் நறுக்கிவிட்டால் அவை தழைத்துக் கதிர் விடுவதற்குள் மீதிப் பாதி பூத்துக்கொண்டிருக்கும். தும்பையை யாரும் விதைக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தானே முளைத்து, நவரை நடவு சமயத்தில் வரப்பெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். களைக்கொல்லி அடிக்காமல் இருந்தாலே போதும். வரப்பைச் சுத்தமாக மொட்டையடிக்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். நொச்சியைப் போத்து வெட்டி நட்டால் வேர்விடும், ஆடுமாடு கடிக்காது.

முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தல் முறைக்காக எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தேர்ந்தெடுத்தவர்களில் 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும் 6 பேரை ஏரி வாரியத்துக்கும் ஒதுக்கியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தோட்டத்தை ஊர்ப் பொதுக் காரியமாக எண்ணிய மண் இது. வரப்பும் ஏரிக்கரையும் ஒருவர் நிலத்தோடு நிற்பதில்லை. தேனீக்கும் சர்வே கல் தெரியாது. நாலு பேர் சேர்ந்து செய்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

கூட்டுக்கும் இடம் வேண்டும். நீலப்பட்டைத் தேனீ கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண்ணும் மண்சுவரிலோ கரைச் சரிவிலோ தனித்தனியாக வளை தோண்டி முட்டையிடும். அதனால் பழைய மண்சுவர் ஒன்று இருந்தால் இடிக்காதீர்கள். கிணற்று மேட்டில் ஒரு பக்கத்தை உழாமல் விடுங்கள். காய்த்துளைப்பானுக்கு மருந்து அடித்தே தீர வேண்டிய நிலை வந்தால், காலையில் பூ விரிந்திருக்கும் நேரம் வேண்டாம். பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகு, துளசி வரிசையில் சாரல் விழாதபடி காற்றின் திசை பார்த்து அடியுங்கள்.