திரையில் ஒரு பெயர். திரைக்குப் பின்னால் யார்?

ஆபீசில் இரவு வரை உட்கார்ந்து ஒரு குமாஸ்தா கடிதம் தயார் செய்கிறார். அடித்து, திருத்தி, மறுபடி டைப் செய்கிறார். காலையில் அதிகாரி வந்து கீழே கையெழுத்துப் போடுகிறார். அவ்வளவுதான்! கடிதம் அதிகாரியுடையது ஆகிவிடுகிறது.

சினிமாவிலும் இப்படி நடப்பது உண்டு. "டைரக்ஷன்" என்று திரையில் வரும் பெயர் ஒருவருடையதாக இருக்கும். செட்டில் நின்று வேலை வாங்கியவர் வேறு ஒருவராக இருப்பார்.

இதற்கு நேர்மாறான சங்கடம் ஒன்றும் உண்டு. உண்மையாகவே உழைத்தவரின் பெயர் திரையில் வந்த பிறகும், ஊர் அதை நம்ப மறுத்தால்? மும்பைப் பட உலகில் ஒருவருக்கு அந்தச் சோதனை ஏற்பட்டது. அவர் பெயர் அப்ரார் ஆல்வி.

மனம் உடைந்த டைரக்டர்

1959-ல் "காகஸ் கே பூல்" வெளிவந்தது. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் அது. பேரும் புகழும் பெற்ற ஒரு டைரக்டர் சீரழிந்து போகும் கதை. தயாரித்து, டைரக்டு செய்து, கதாநாயகனாகவும் நடித்தவர் பெங்களூரில் பிறந்த குருதத்.

இன்று அந்தப் படத்தைக் கொண்டாடுகிறார்கள். அன்று அது படுதோல்வி அடைந்தது. குருதத்தின் மனம் உடைந்தது. அதன் பிறகு எந்தப் படத்திலும் டைரக்டர் என்று தம் பெயரை அவர் போட்டுக்கொள்ளவே இல்லை!

ஆனால் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. 1960-ல் அவர் தயாரித்து நடித்த "சௌத்வீன் கா சாந்த்" வசூலில் வெற்றி பெற்றது. அதன் டைரக்டர் எம்.சாதிக்.

அடுத்தது, 1962-ல் வந்த "சாகிப் பீபி அவுர் குலாம்". பிமல் மித்ரா எழுதிய வங்காள நாவலே கதை. இந்தப் படத்தில் டைரக்டர் என்று வந்த பெயர்தான் அப்ரார் ஆல்வி.

ஆல்வி யார்?

ஆல்வி ஒரு வசனகர்த்தா. "ஆர் பார்", "மிஸ்டர் அண்டு மிசஸ் 55", "பியாசா", "காகஸ் கே பூல்" ஆகிய குருதத் படங்களுக்கு வசனம் எழுதியவர். பல ஆண்டுகள் குருதத்தின் நிழல்போல் இருந்தவர்.

"சாகிப் பீபி" ஒரு ஜமீன் குடும்பம் நொடித்துப் போகும் கதை. கணவன் இரவெல்லாம் நாட்டியக்காரி வீட்டில் கிடக்கிறான். அவனை வீட்டோடு இருக்கச் செய்ய, குடிக்கும் துணையாகத் தானே மாறுகிறாள் இளைய மருமகள். கடைசியில் குடி அவளையே விழுங்கிவிடுகிறது. அந்த வேடத்தில் வாழ்ந்து காட்டினார் மீனாகுமாரி.

பிலிம்பேர் பரிசில் சிறந்த படம், சிறந்த நடிகை ஆகியவற்றோடு சிறந்த டைரக்டர் பரிசும் இந்தப் படத்துக்கே கிடைத்தது. டைரக்டர் பரிசை ஆல்வி பெற்றார். அத்தோடு வந்தது சந்தேகம்.

"டைரக்டு செய்தது குருதத்தான். ஆல்வி பெயரளவுக்குத்தான்" என்று பேச்சுப் பரவியது.

சந்தேகம் ஏன்?

இந்தப் பேச்சுக்கு வலுவான காரணங்கள் இருந்தன. படத்தின் தயாரிப்பாளர் குருதத். கதாநாயகனும் அவரே. காமிராமேன் அவருடைய ஆஸ்தான காமிராமேன், மைசூர்க்காரர் வி.கே.மூர்த்தி. ஒளியையும் நிழலையும் கையாண்ட விதம் "பியாசா"வை நினைவூட்டியது.

மினு மும்தாஜ் ஆடும் முஜ்ரா பாட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நடுவில் ஆடுகிறவர் மீது மட்டும் வெளிச்சம். சுற்றி ஆடும் பெண்களின் முகங்கள் பாட்டு முழுவதும் இருட்டிலேயே இருக்கும்! "இது குருதத் கைவண்ணம் அல்லாமல் வேறென்ன?" என்றார்கள்.

அந்தப் பேச்சு பாதி சரி. பாட்டுக் காட்சிகளை எடுத்தவர் குருதத் என்பதை ஆல்வியே ஒப்புக்கொண்டார். மற்றக் காட்சிகளை டைரக்டு செய்தது தாமே என்பதில் மட்டும் கடைசிவரை உறுதியாக நின்றார்.

இதை நாம் யோசிக்க வேண்டும். இந்திப் படத்தில் பாட்டுக்கள்தான் பாதி உயிர். பிறர் உழைப்பைத் திருட நினைப்பவர் அந்தப் பாதியைத் தாமாகவே விட்டுக்கொடுப்பாரா?

சாட்சி சொல்ல ஆள் இல்லை

நேரில் நின்று உண்மையைச் சொல்லக்கூடியவர் குருதத். அவர் 1964 அக்டோபர் 10-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 39. வழக்கின் முக்கிய சாட்சி போய்விட்டார்.

அதன் பிறகு ஆல்வி பல படங்களுக்கு எழுதினார். ஆனால் வேறு எந்தப் படத்தையும் டைரக்டு செய்யவில்லை. "பார்த்தீர்களா!" என்று சந்தேகப்பட்டவர்கள் இதையே ஆதாரமாக்கினார்கள்.

கையெழுத்து யாருடையது?

பெயர்ச் சிக்கல் ஆல்வியோடு முடிவதல்ல. வைஜயந்திமாலா நடித்த "கங்கா ஜம்னா" (1961) படத்தில் டைரக்டர் பெயர் நிதின் போஸ். தயாரித்து, கதை எழுதி, நடித்த திலீப்குமார்தான் உண்மையில் டைரக்டு செய்தார் என்ற பேச்சு இன்றும் உண்டு.

அமெரிக்காவில் 1939-ல் வந்த "கான் வித் தி விண்டு" படத்தைத் தொடங்கிய ஜார்ஜ் குக்கர் பாதியில் நீக்கப்பட்டார். அடுத்து வந்த விக்டர் பிளெமிங் களைத்து ஓய்வெடுத்தபோது சாம் வுட் வேலையைத் தொடர்ந்தார். அனைவரையும் ஆட்டிவைத்தவர் பட அதிபர் செல்ஸ்னிக். திரையில் வந்ததும், ஆஸ்கார் பரிசு வாங்கியதும் பிளெமிங் பெயர் மட்டுமே!

நேர்மையாக நடந்த கதையும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்சின் "மந்திரி குமாரி" (1950) படத்தை எல்லிஸ் ஆர்.டங்கன் எடுத்துக்கொண்டிருந்தார். முடியும் முன்பே அமெரிக்கா திரும்பினார். மீதியை எடுத்து முடித்தவர் முதலாளி டி.ஆர்.சுந்தரம். டைரக்டர்கள் என்று இருவர் பெயரும் இடம்பெற்றன. தகராறுக்கே இடம் இல்லை.

"சாகிப் பீபி"யிலும் "பாட்டுக் காட்சிகள்: குருதத்" என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். ஆல்வியின் தலைமேல் இருந்த பாரம் இறங்கியிருக்கும்.

ஆல்வி 2009 நவம்பரில் காலமானார். படம் வெளிவந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை காலமும் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள்தான் டைரக்டு செய்தீர்களா?"

நாம் எழுதிய கடிதத்தில் வேறொருவர் கையெழுத்து இருந்தால் நமக்கு வலிக்கிறது. நம் கையெழுத்தைப் பார்த்து "இது நீ எழுதியதா?" என்று ஊரே கேட்டால், அது இன்னும் பெரிய வலி.