ஒரு படத்துக்கு 7,20,000 க்ளிக்: மீன்கொத்திக்காக 6 ஆண்டுகள் காத்திருந்தது ஏன்?

தலைகீழாகப் பாயும் ஒரு மீன்கொத்தி. அலகின் நுனி இப்போதுதான் தண்ணீரைத் தொடுகிறது. கீழே அதன் பிம்பம் மேல்நோக்கி வந்து அலகோடு அலகு முட்டுகிறது. ஒரு சொட்டுகூட இன்னும் தெறிக்கவில்லை.

2015-ல் இணையம் முழுக்கச் சுற்றிய இந்தப் படத்தை எடுத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆலன் மெக்ஃபேடியன். படத்தைவிட அதன் கணக்குதான் அதிகம் பேசப்பட்டது. 6 ஆண்டுகள், 4,200 மணி நேரம், 7,20,000 க்ளிக்.

'மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா?' என்று தோன்றும். ஆனால், கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 700 மணி நேரம். அதாவது ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கும் குறைவு. நம்மில் பலர் ரீல்ஸ் பார்ப்பதே அதைவிட அதிகமாக இருக்கும்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கேமரா வினாடிக்கு 10 படங்கள் எடுத்தது என்று வைத்துக்கொண்டால், 7,20,000 படங்களுக்கு வெறும் 20 மணி நேரம் போதும். மீதி 4,180 மணி நேரம் ஷட்டர் சத்தமே இல்லாமல் போயிருக்கும்.

அரை மீட்டர் இடைவெளி

வேகமான கேமரா கையில் இருந்தும் ஏன் இத்தனை முறை? மீன்கொத்தியின் பாய்ச்சலை வினாடிக்கு 5 மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பறவை அரை மீட்டர் கடந்துவிடும். அந்தப் பறவையின் மொத்த நீளமே சுமார் 16 செ.மீ.தான். ஒரு ஃப்ரேமில் காற்றில் இருக்கும், அடுத்ததில் தண்ணீருக்குள் இருக்கும். அலகு தண்ணீரைத் தொடும் அந்த நொடித்துளி இரண்டுக்கும் நடுவில் நழுவிவிடும்.

அது சிக்கினாலும் போதாது. பறவை செங்குத்தாக விழ வேண்டும். தண்ணீரில் அலை இருக்கக் கூடாது. வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து வர வேண்டும், ஃபோகஸ் பறவை மேல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் எப்போதாவது நடக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமென்றால், அங்கே உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை.

இப்போது தொழில்நுட்பம் மாறிவிட்டது. 2023-ல் அறிமுகமான சோனி ஏ9 III வினாடிக்கு 120 படங்கள் எடுக்கும். பட்டனை அழுத்துவதற்கு முந்தைய தருணங்களையும் சேமித்துத் தரும். நம் கை தாமதமாவதை இது சரிசெய்துவிடும். பறவை வராத நாளுக்கு இதில் தீர்வு கிடையாது.

ஆளில்லாத காத்திருப்பு

காத்திருப்பது என்றாலே மறைவிடத்தில் மூச்சை அடக்கி உட்காருவது என்றில்லை. 2020-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 'ஆண்டின் சிறந்த காட்டுயிர் புகைப்படக் கலைஞர்' விருதை வென்றது, ரஷ்யாவின் செர்கெய் கோர்ஷ்கோவ் எடுத்த படம். ஒரு அமூர் பெண் புலி, பழைய மரம் ஒன்றைக் கட்டிப்பிடித்து முகத்தை உரசுகிறது. அந்த நேரத்தில் அவர் அங்கே இல்லை! அசைவு தெரிந்தால் தானாகப் படமெடுக்கும் கேமராவை வைத்துவிட்டுப் போயிருந்தார். படம் கிடைக்க 11 மாதங்களுக்கு மேல் ஆனது.

அப்படியென்றால் அதிர்ஷ்டமா? இல்லை. எந்த மரம் என்பதைக் கண்டுபிடித்ததுதான் அவருடைய வேலை. புலிகள் தங்கள் வாசனையை மரத்தில் தேய்த்துவிட்டுப் போகும். மரப்பட்டையில் ஒட்டிய முடி, சிறுநீர் வாடை, நகக்கீறல் என்று காடு முழுக்கத் தேடித்தான் அந்த இடத்தை முடிவுசெய்தார்.

இதே போட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2009-ல் வென்றது, இரவில் வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம். அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுசெய்து, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். 2017-ல் ஒரு பிரிவில் பரிசு வாங்கிய எறும்புத்தின்னி படமும் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டது. படத்திலிருந்தது பாடம் செய்யப்பட்ட எறும்புத்தின்னியின் உடல் என்பது நிபுணர்களின் முடிவு. இரண்டு புகைப்படக்காரர்களும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். படம் அழகாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காத்திருக்காமல் எடுத்தது என்பதுதான் புகாரே. ஏஐ சில நொடிகளில் மீன்கொத்தி வரைந்து தரும் காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம்.

பொறுமை இல்லாததற்கு விலை கொடுப்பது பல நேரம் பறவைதான். கூட்டமாகப் பறக்கும் ஷாட் வேண்டும் என்று கைதட்டுவது, கல் எறிவது, போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, கூடு தெரியட்டும் என்று இலைகளை ஒடிப்பது... இதெல்லாம் நடக்கிறது. மறைப்பு போன கூட்டை வெயிலும் காகமும் சும்மா விடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த வலசைப் பறவைக்கு, ஒவ்வொரு தேவையற்ற பறத்தலும் உடலில் சேர்த்த கொழுப்பைக் கரைக்கும்.

தெருமுனையும் காடுதான்

இதற்குக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் ஃபன்ச், நியூயார்க்கில் 42-வது தெருவும் வாண்டர்பில்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில் 2007 முதல் 2016 வரை படமெடுத்தார். காலை 8.30 முதல் 9.30 வரை, ஆபீஸ் போகிறவர்களின் முகங்கள் மட்டும். பிறகு எடுத்ததையெல்லாம் ஒப்பிட்டார். அதே ஆள், வேறொரு நாள், அதே முகபாவம்! சிலர் அதே சட்டையில்கூட. ஒரே ஒரு நாள் போயிருந்தால் இது வெறும் கூட்டம்.

நம் ஊரிலும் ஒரு முன்னோடி உண்டு. எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன். இவர் 1950-ல் 'தி ஸ்டேட்ஸ்மேன்' இதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் இறக்கும்வரை எழுதினார். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்க, தானே ஒட்டுப்போட்டு உருவாக்கிய கேமராவைத்தான் பயன்படுத்தினார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு! ஃபிலிம் காலத்தில் 7 லட்சம் க்ளிக் எல்லாம் கற்பனைக்குள்ளேயே வராது. ஒவ்வொரு க்ளிக்கும் காசு. எப்போது அழுத்தக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

போனில் முயல நினைப்பவர்களுக்கு எளிய இலக்கு, நம் ஊர் மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தி. இரையைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பி வரும் பறவை இது. எனவே துரத்த வேண்டாம். பறந்து போனதும் அந்தக் கம்பியிலேயே ஃபோகஸை லாக் செய்துவிட்டு நில்லுங்கள். முதல் நாள் தூரப் புள்ளியாகத்தான் விழும். ஐபோனில் 'லைவ் போட்டோ'வை ஆன் செய்துகொண்டால், அழுத்துவதற்கு ஒன்றரை வினாடி முன்னால் நடந்ததும் பதிவாகிவிடும்.