பெட்டி வந்த காலம், பட்டியல் போடும் காலம்

"பொட்டி வந்துடுச்சா?"

1980களின் சென்னையில் திரைப்படச் சங்கத்து வாசலில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இதுதான். என்ன படம், யார் எடுத்தது என்பதெல்லாம் அப்புறம். தூதரகத்திலிருந்தோ, 1964-இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்தோ படச்சுருள்கள் தகரப் பெட்டிகளில் வரும். வந்தால் படம். வராவிட்டால் 'வருந்துகிறோம்' என்று ஒரு தாள் கதவில் ஒட்டியிருக்கும். ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு பஸ் பிடிப்போம்.

இன்று ஜனவரி பிறந்தால் நண்பர்கள் ஏழு பேர் என் வீட்டு மொட்டைமாடியில் கூடி, அந்த ஆண்டு பார்க்கவேண்டிய 52 படங்களை எழுதிவைக்கிறோம். வாரத்துக்கு ஒன்று. பாதி வெளிநாடு, பாதி உள்நாடு. எந்தப் பெட்டிக்கும் காத்திருக்க வேண்டாம், கைபேசியைத் திறந்தால் போதும். ஆனாலும் பட்டியல் முடிய மூன்று மாலைகளும் குறைந்தது இரண்டு சண்டைகளும் ஆகின்றன. மண்டல விரதம் 48 நாள்தான், உங்களுடையது 52 வாரமா என்று கேட்டுவிட்டு என் மனைவி கீழே போய்விடுவாள்.

அன்று விரதம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. பட்டினியே இருந்தது.

சங்கத்தில் படம் பார்க்கப் போனால் கையில் ஒரு சைக்ளோஸ்டைல் தாளைக் கொடுப்பார்கள். கதைச் சுருக்கம், இயக்குநர் பற்றி நாலு வரி. சப்டைட்டில் இல்லாத பிரதி வந்துவிட்டால் அந்தத் தாள்தான் துணை. போலந்துக்காரர்கள் திரையில் அழும்போது பின்வரிசையில் யாரோ டார்ச் அடித்து ஏன் அழுகிறார்கள் என்று தாளில் தேடிக்கொண்டிருப்பார். அந்தத் தாள்களைப் பழைய கோப்பு ஒன்றில் வைத்திருக்கிறேன். போன வருடம் பிரித்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. சோவியத், போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, இரண்டு ஜெர்மனிகள், பிரான்ஸ். ஏறக்குறைய அவ்வளவுதான். எந்த நாட்டுக்குச் சென்னையில் பண்பாட்டு மையமோ, தில்லியில் தாராளமான தூதரகமோ இருந்ததோ அந்த நாட்டுப் படம்தான் எங்களுக்கு உலக சினிமா. ஆந்த்ரே வாய்தாவும் யிர்ஷி மென்ஸலும் மிக்லோஷ் யான்சோவும் எங்களுக்கு வீட்டுப் பெயர்கள். செனகலின் உஸ்மான் செம்பேனைக் கேள்விப்பட 90கள் ஆயின. கொரியாவில் படம் எடுப்பார்கள் என்பதே தெரியாது. எங்கள் ரசனை என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டதில் பாதி, பனிப்போர் காலத்து ராஜதந்திரம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கத் திரையிடலுக்குத் தணிக்கை விலக்கு உண்டு. அது தெரிந்து சேர்ந்த உறுப்பினர்கள் கணிசம். தலைப்பு கொஞ்சம் கிளுகிளுப்பாக இருந்துவிட்டால் வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் அரங்கில் நிற்க இடமிருக்காது. எதிர்பார்த்தது வராமல் பெர்க்மன் வந்து மரணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கூட்டம் கலையும் வேகம் இருக்கிறதே!

இந்தப் பக்கம் தமிழ்ப் படத்தைத் தேடிப்போக வேண்டியதே இல்லை. அதுவே நம்மைத் தேடி வந்தது. கொட்டகையில் புதியது, மறுவெளியீட்டில் எம்.ஜி.ஆர்., கோயில் திருவிழாவில் திரைகட்டிப் பழையது, ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் இன்னொன்று. 'பராசக்தி'யை உட்கார்ந்து பார்க்காதவனுக்குக்கூட வசனம் தெரியும். பிறமொழி இந்தியப் படங்களுக்கு ஞாயிறு மதியம் இருந்தது. அடூர் கோபாலகிருஷ்ணனையும் கிரீஷ் காசரவள்ளியையும் ஜானு பருவாவையும் தமிழ்நாட்டு வீடுகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தபடிதான் முதலில் பார்த்தன. 'அவார்டு படம்' என்று அதற்குப் பெயர். ஒருவர் ஐந்து நிமிடம் நடந்து போய்க்கொண்டே இருந்தால் அது அவார்டு படம். பாதியில் தூங்கிவிடுவோம், ஆனால் பாதியாவது பார்த்தோம்.

ஆக, யாரும் திட்டமிடாமலே ஒரு சமநிலை இருந்தது. வெளிநாட்டைத் தூதரகம் பார்த்துக்கொண்டது, இந்தியாவை தூர்தர்ஷன் பார்த்துக்கொண்டது, தமிழைக் கொட்டகை பார்த்துக்கொண்டது. நாம் உட்கார்ந்தால் போதும்.

அப்படி உட்கார்ந்து பார்த்ததற்கு, எங்களுக்கு முந்தைய தலைமுறையிலேயே விளைச்சலும் இருந்தது. 1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி சென்னை, தில்லி, கல்கத்தா என்று நகர்ந்தது. 'பைசைக்கிள் தீவ்ஸ்', 'ராஷோமான்' எல்லாம் அதில் வந்தன. பிமல் ராய் அங்கே டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்த சூட்டில் எடுத்ததுதான் 1953-இன் 'தோ பீகா ஜமீன்'. சத்யஜித் ராய்க்கு அதற்கும் முன்பே பித்து பிடித்துவிட்டது. 1950-இல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் போனவர், தங்கிய சில மாதங்களில் 99 படங்கள் பார்த்தார். அதில் ஒன்று 'பைசைக்கிள் தீவ்ஸ்'. நம்மூரில் எஸ். பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் 'ராஷோமான்' பார்த்துவிட்டு வந்து, அந்தப் பாணியில் எழுதிய நாடகம்தான் பிறகு 'அந்த நாள்' (1954) ஆனது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம். சிவாஜி நடித்தும் பாட்டில்லை!

நடுவில் வீடியோ கேசட், அப்புறம் பர்மா பஜார். இரண்டாயிரங்களில் அங்கே உலக சினிமா டிவிடி வாங்காத உதவி இயக்குநர் இருந்திருக்க மாட்டார். திருட்டுப் பிரதிதான், நானும் வாங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது. செழியன் ஆனந்த விகடனில் உலக சினிமா தொடர் எழுதியபோது, அதுவரை சங்கத்துக்காரர்களின் சொத்தாக இருந்த பெயர்கள் சலூன் பெஞ்சுக்கும் வந்தன. 2003-இல் சென்னைக்கென்று ஒரு சர்வதேச விழாவும் தொடங்கியது.

பிறகு இணையம் வந்து அணை உடைந்தது.

வெள்ளத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது என்பார்களே, அந்தக் கதைதான். என் 'பிறகு பார்க்க' பட்டியலில் அறுநூறு படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. இரவு பத்து மணிக்கு அதைத் திறந்து முக்கால் மணி நேரம் தள்ளித்தள்ளிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே பத்து தடவை பார்த்த வடிவேலு காமெடியைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போன நாட்கள் எத்தனை! அப்போதுதான் ஆண்டுக்கொரு பட்டியல் என்ற யோசனை வந்தது. பெட்டி செய்த வேலையை நாமே செய்துகொள்வது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 2011-இல் வந்த லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் உலகம் முழுக்க இப்படிச் சவால் பட்டியல் போடுகிறார்கள்.

முதல் வருடம் ராய் நினைவில் 100 என்று வைத்தோம். மார்ச்சிலேயே கவிழ்ந்தது. ராய்க்கு லண்டனில் வீட்டுக் கரண்ட் பில்லும் பேரன் ஸ்கூல் ஃபீஸும் இல்லை. இரண்டாம் வருடம் 52 ஆக்கினோம், ஆனால் பங்கீடு வைக்கவில்லை, அவரவர் விருப்பம். டிசம்பரில் என் கணக்கைக் கூட்டினேன். கொரியா 11, ஈரான் 6, ஜப்பான் 5. மலையாளமும் ஏராளம், அத்தனையும் கடைசி ஐந்தாண்டுப் படங்கள். 1970-க்கு முந்தைய தமிழ்ப் படம் பூஜ்யம். அன்று தூதரகம் தீர்மானித்தது, இன்று திரையில் 'உங்களுக்காக' என்று வரும் வரிசை தீர்மானிக்கிறது. 'நானே தேர்ந்தெடுத்தேன்' என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் வெட்கம். தூதரகம் அந்தப் பொய்யைச் சொன்னதில்லை.

மூன்றாம் வருடம் விதிகள் வந்தன. ஒரு வெளிநாட்டுக்கு இரண்டு படத்துக்கு மேல் கிடையாது. ஆங்கிலம் மூன்றுக்குள். உள்நாட்டு 26-இல் தமிழ் 14, பிறமொழி 12. தமிழில் பாதி 1980-க்கு முந்தையது. பெண் இயக்குநர்கள் இரண்டு பக்கமும் வேண்டும். கைபேசியில் பார்த்தது கணக்கில் வராது, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் அபராதம் ஒரு கிலோ நேந்திரங்காய் வறுவல்.

இத்தனை விதியிலும் எனக்குப் பிடித்தது ஜோடி விதிதான். அது தற்செயலாக வந்தது. ஒரு வாரம் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). அடுத்த வாரம் பாலுமகேந்திராவின் 'சந்தியா ராகம்' (1989). அங்கே வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை, பெற்றோரை வெந்நீர் ஊற்றுள்ள கடற்கரை விடுதிக்கு அனுப்பிக் கைகழுவப் பார்க்கிறார்கள். இங்கே மனைவியை இழந்த கிழவர் சொக்கலிங்க பாகவதர் கிராமத்திலிருந்து சென்னைக்கு வருகிறார். இங்கே அன்பில்லாமல் இல்லை, மாதச் சம்பளத்தில் இன்னொரு தட்டுக்கு இடமில்லை. இரண்டையும் தனித்தனியாக முன்பே பார்த்திருக்கிறேன். அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் ஓசுவில் வீடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதும், பாலுமகேந்திராவில் சில்லறைக் காசு எத்தனை முறை கைமாறுகிறது என்பதும் கண்ணில் பட்டன. அதிலிருந்து வெளிநாட்டுப் படம் ஒவ்வொன்றுக்கும் உள்நாட்டிலிருந்து ஒரு பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தாமல் போவதும் உண்டு.

'ராஷோமான்' - 'அந்த நாள்' நிச்சயித்த ஜோடி. ஆனால் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒற்றுமையைவிட வேறுபாடே பெரிதாகத் தெரிகிறது. குரோசாவா உண்மை எது என்று சொல்லாமலே விட்டுவிடுகிறார். பாலசந்தர் வடிவத்தை எடுத்துக்கொண்டு சந்தேகத்தை விட்டுவிட்டார். கொலை செய்தது யார் என்று கடைசியில் தெரிந்துவிடும். ஐம்பது வருடம் கழித்து வந்த 'விருமாண்டி'யிலும் (2004) ஒரே நடப்பை இரண்டு வாய் சொல்கிறது, பொய்யன் யார் என்பதில் நமக்குக் குழப்பமில்லை. தமிழ் ரசிகருக்குப் பஞ்சாயத்து கலையும் முன் தீர்ப்பு வேண்டும்போல.

சண்டை வருவது எல்லைக்கோட்டில். தர்மசேன பத்திராஜ 1977-இல் எடுத்த 'பொன்மணி' எந்தப் பத்தியில் வரும்? இலங்கைப் படம், சிங்கள இயக்குநர், யாழ்ப்பாணத்துக் கதை, பேசுவது தமிழ். மலேசியாவின் 'ஜகாட்' (2015)? அதுவும் தமிழ்தான், அந்த நாட்டின் சிறந்த படம் என்று அங்கே விருதும் வாங்கியது. 'நாடுதான் கணக்கு' என்றார் ஒருவர். 'மொழிதான் உள்நாடு, எனக்கு அசாமியைவிட யாழ்ப்பாணம் கிட்ட' என்றார் இன்னொருவர். ஒன்பது மணிக்குத் தொடங்கிய வாக்குவாதம் பதினொன்றரைக்கும் முடியவில்லை. கடைசியில் 'நடுவீடு' என்று மூன்றாவது பத்தி ஒன்று போட்டோம். அப்போதுதான் சிங்களப் படம் ஒன்றுகூட எங்கள் பட்டியலில் இருந்ததில்லை என்பதே உறைத்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' 1965-இல் தில்லி விழாவில் தங்க மயில் வாங்கிய படம். ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரம். எங்களுக்கோ சியோல் பக்கத்தில் இருந்தது.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றபோது எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. அங்கே எவரோ தன் ஆண்டுப் பட்டியலில் 'உலகம்' என்ற பத்தியில் மதுரைப் பக்கத்துப் பொட்டல் காட்டை எழுதியிருப்பார். அதற்கு என்ன ஜோடி பார்த்தாரோ.

இத்தனை வசதியிலும் நிரப்ப முடியாத கட்டங்கள் உள்நாட்டுப் பத்தியில்தான் இருக்கின்றன. மெலியேயின் 1902-ஆம் வருடத்து நிலாப் பயணத்தை இந்த நிமிடமே பார்க்கலாம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த பேசாப்படம் 'கீசக வதம்' இல்லை. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) இல்லை. டோக்கியோவின் 1953 துல்லியமாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதே காலத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றை, மேலும் கீழும் வெட்டுப்பட்டு, மூலையில் ஒரு டிவி சேனலின் சின்னத்தோடு பார்க்கிறோம். பெட்டிக் காலத்தில் வெளிநாடு அரிது, தமிழ் மலிவு. இன்று தலைகீழ். அதனால்தான் பாதிக்குப் பாதி என்பது பார்க்கச் சமமாக இருந்தாலும், உழைப்பு முழுக்க உள்நாட்டுப் பாதிக்கே போகிறது.

ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே இயக்கி 1965-இல் வெளியிட்ட 'உன்னைப்போல் ஒருவன்' நான்கு வருடங்களாக எங்கள் பட்டியலில் இருக்கிறது. தேசிய விருது பெற்ற படம். அதற்கு ஜோடியாக வைத்த வெளிநாட்டுப் படத்தை நான்கு முறையும் தனியாகப் பார்த்துவிட்டோம். இந்த வருடமும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை அதற்காகக் காலியாக வைத்திருக்கிறோம். பார்க்கும்படியான பிரதி ஒன்று யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், எழுவரும் வருகிறோம். வறுவல் எங்கள் செலவு.