கூட்டாளி திவாலான பிறகும் முடிந்த சாலை

ஸ்காட்லாந்தின் அபர்டீன், வடகடல் எண்ணெயால் செழித்த நகரம். ஆனால் அதற்கு நெடுங்காலம் புறவழிச்சாலை இருக்கவில்லை. வடக்கேயிருந்து தெற்கே போகிற வண்டிகள் ஊருக்குள் நுழைந்து, 1527-இல் கட்டிமுடித்த டீ ஆற்றுக் கல்பாலத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. புறவழிச்சாலையை எதிர்த்த வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போய் 2012-இல்தான் தள்ளுபடியானது.

2014 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 58 கிலோமீட்டர் சாலை. திட்டச் செலவு 74.5 கோடி பவுண்டு. வேலையை எடுத்தவை பால்ஃபோர் பீட்டி, காரில்லியன், கேலிஃபோர்ட் டிரை. வேறு டெண்டர்களில் ஒன்றோடொன்று மோதிவந்த இந்த மூன்றும் இங்கே சம பங்காளிகள்.

இவ்வளவு பெரிய வேலையை ஒரே நிறுவனம் சுமப்பது கடினம் என்பதால்தான் கூட்டு. ஆட்களையும் இயந்திரங்களையும் லாபத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். கூடவே ஒரு கடுமையான நிபந்தனையும் உண்டு: ஒரு பங்காளி நொடித்தால் அவர் பாகத்தையும் மற்றவர்கள் முடித்துக்கொடுக்க வேண்டும்.

விலையோ முன்கூட்டியே நிர்ணயித்தது. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறதென்று தோண்டும்வரை யாருக்கும் முழுதாகத் தெரியாது. சாலை போகும் வழியிலுள்ள மில்டிம்பரில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது ரோமப் படை ரொட்டி சுட்ட அடுப்புகளே 90 கிடைத்தன. குழாய்களையும் கேபிள்களையும் இடம்மாற்றுவதில் தாமதம், 2015 டிசம்பரில் ஃபிராங்க் புயல் கொண்டுவந்த வெள்ளம் என்று செலவு ஏறியபடியே இருந்தது. அத்தனை அபாயத்தையும் ஒப்பந்ததாரர் தலையில் கட்டியது அரசுக்கு மலிவாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

2018 ஜனவரி 15 அன்று காரில்லியன் திவாலானது. கடன் பொறுப்புகள் ஏறத்தாழ 700 கோடி பவுண்டு. கையில் மிஞ்சியது 2.9 கோடி. அபர்டீனில் அது விட்டுப்போன சுமை 6 முதல் 8 கோடி பவுண்டு என்று கணக்கிட்டு, மீதி இருவரும் பாதிப் பாதியாக ஏற்றார்கள். கேலிஃபோர்ட் டிரை இதற்காகவே பங்குதாரர்களிடம் மறுபடி பணம் திரட்ட வேண்டிவந்தது. நிபந்தனை காகிதத்தோடு நிற்காமல் நிஜத்தில் வேலை செய்தது. அது இல்லையென்றால் பாதியில் நின்ற பாலங்களை அபர்டீன்காரர்கள் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்திருக்கும்.

முடிவு சுமுகமாக வரவில்லை. புதிய சாலையின் டான் ஆற்றுப் பாலத்தில் குறைகள் தென்பட்டுப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அதைவிட வேதனை, தெற்கே நீண்ட ஒரு பகுதி தயாரான பிறகும் திறக்க முடியாமல் கிடந்ததுதான். திட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்களும் சேர்ந்து ஒப்பந்தத்தைத் திருத்தும்வரை அதில் வண்டி ஓடவில்லை. 2018 டிசம்பரில் அது திறந்தது. டான் பாலம் உள்ள கடைசித் துண்டு 2019 பிப்ரவரி 19-இல்.

கூடுதல் செலவுக்காக அரசிடம் இழப்பீடு கோரிய இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 6.4 கோடி பவுண்டு தந்து தகராறு முடிக்கப்பட்டது. முழு அபாயத்தையும் நிலையான விலைக்குள் சுமக்கும் பெரிய சாலை வேலைகளை இனித் தொடுவதில்லை என்று கேலிஃபோர்ட் டிரை ஏற்கெனவே முடிவெடுத்திருந்தது.